ஊரே பதினேழு நிமிடம் தாமதம்

அட்டையில் 7.05 என்று சிவப்பில் விழுந்தது.

ஏழு மணி ஷிப்டுக்கு ஒரு நிமிடம் தாண்டினாலும் கேட்டில் இருக்கும் பஞ்சிங் மெஷின் சிவப்பு மையில்தான் அடிக்கும். ஷஹனாஸ் அட்டையைப் பார்த்தாள். சனி, திங்கள், செவ்வாய், இன்று புதன். நான்கு சிவப்பு. புரொபேஷனில் இருப்பவர்களுக்கு ஒரே மாதத்தில் ஐந்து சிவப்பு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. அவளுடைய ஆறு மாதம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது.

நாளைக் காலை ஐந்தாவது விழும். அதில் சந்தேகமில்லை. பழவேற்காட்டில் முதல் பஸ், பொன்னேரியில் ரயில், கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. இதற்கு முன்னால் பஸ் கிடையாது. ஐந்து மாதமாக இதே பஸ், இதே ரயில். போன வெள்ளி வரை ஒரு சிவப்புகூட இல்லை.

நிரந்தரமானால் மட்டும் தொடரலாம் என்பது வீட்டில் பேச்சு. அம்மா பரீதா அதைத் தினமும் ஒரு முறை நினைவுபடுத்துவாள். "ஆறு மாசம்னு சொன்னே. ஆறு மாசம் பாக்குறேன். அப்பறம் இருட்டுல பஸ் ஏறி ஓடுறதெல்லாம் போதும், ஊட்டோட இரு."

சனிக்கிழமை முதல் சிவப்பு விழுந்தபோது அவள் செல்போனில் மணி 6.48. மெஷினில் 7.05. இரண்டில் ஒன்று தப்பு. எது என்பதில் அவளுக்கு ஒரு விநாடிகூடக் குழப்பம் வரவில்லை. மெஷினின் நெற்றியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'சரிபார்க்கப்பட்டது. ஓராண்டு செல்லும்.' கீழே அவளுடைய கையெழுத்து.

அது ஒரு கம்பி ஆலை. ஷஹனாஸுக்கு ஆய்வகத்தில் வேலை. கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து, எந்த எடையில் அறுந்தது என்று குறிக்க வேண்டும். அளக்கிற கருவி எதுவானாலும் அதையும் அளந்து பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆடிட்காரர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். தராசு, வெப்பமானி, அளவுகோல் எல்லாம் முடிந்த பிறகு, கேட்டில் இருக்கும் பஞ்சிங் மெஷினும் அளக்கிற கருவிதானே என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அவளே. ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு ஸ்டாப்வாட்சோடு போய் நின்றாள். ஸ்டாப்வாட்சில் பத்து நிமிடம். மெஷினிலும் பத்து நிமிடம். ஒட்டிவிட்டு வந்தாள்.

ஆகவே சனிக்கிழமை செல்போனைப் பதினேழு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தாள்.

அன்றிலிருந்து ஊரே தாமதமாகிவிட்டது. பஸ் தாமதம். ரயில் தாமதம். சாப்பாட்டுச் சங்கு தாமதம். உள்ளே வரும்போது மட்டும்தான் அட்டை. வெளியே போவது பின்வாசல் வழியாக, பை சோதனை முடிந்து. அதனால் பகலில் அவள் அந்த மெஷினின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆய்வகத்தில் சுவர்க்கடிகாரம் கிடையாது. கணினியின் கடிகாரம் எப்போதோ செத்துப்போயிற்று. தினமும் காலையில் அது 2002 ஜனவரி ஒன்றில் கண் விழிக்கும். நடப்பது 2008.

பதினொன்றரைச் சங்கு ஊதியது. செல்போனில் 11.47. சங்கு ஊதும் காவலாளி சுப்பராயன் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் கணினியில் தட்டப் பழகியவள் அவள். சான்றிதழ்களை மின்னஞ்சலில் அனுப்புவதற்கென்று கொடுத்த இணைப்பு. சாப்பாட்டு நேரத்தில் அதில் 'சந்தேகக் கடை' திறக்கும்.

சந்தேகக் கடை ஓர் இணைய அரங்கு. உறுப்பினர்கள் நாற்பது பேர். தினமும் வாய் ஓயாதவர்கள் மூன்று பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. எம்பார் திருவள்ளூர்க்காரர். காலையில் கோயில் கைங்கரியம், பத்து மணிக்கு மேல் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை. துளசிராமன் ஜெனரேட்டர் மெக்கானிக். எந்த ஊரில் வேலையோ அந்த ஊர் பிரௌசிங் சென்டரிலிருந்து எழுதுவார். மூன்றாவது ஷஹனாஸ். ஃபேனை ஒன்றில் வைத்தால் கரண்டு மிச்சமா, செல்போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் டிவி ஏன் கரகரக்கிறது, இப்படி ஏதாவது ஒன்று அங்கே நாள் முழுவதும் ஓடும்.

அன்றைக்கு ரிமோட்.

"ஆத்துல வைதேஹி கேக்கறா," என்று எம்பார் எழுதியிருந்தார். "ரிமோட்டைத் தட்டினா வேலை செய்யறதே, ஆத்துக்காரரையும் தட்டிப் பாக்கலாமான்னு. அடியேன் என்ன பதில் சொல்றது?"

"பேட்டரிய கழட்டி மாட்டச் சொல்லு சாமி. ரெண்டுக்கும் அதான் வைத்தியம்," என்று துளசிராமன்.

ஷஹனாஸ் எழுதினாள். "தாராளமா தட்டட்டும். ஆனா எத்தனை தட்டு, எந்த எடத்துல, தட்டினதுக்கு அப்பறம் எவ்ளோ நேரம் வேலை செஞ்சாரு, எல்லாம் குறிக்கணும். குறிப்பு இல்லாத சோதனைய நான் ஒத்துக்க மாட்டேன்."

"வந்துட்டா ஸ்டிக்கர் அம்மா," என்றார் எம்பார்.

"அத வுடுங்க. எங்க பக்கம் நடக்கிற அநியாயத்த கேளுங்க. இப்ப மணி 11.55. சாப்பிட்டுக்கினே எழுதறேன். நாலு நாளா பஸ் லேட்டு, ரயில் லேட்டு, கம்பெனி சங்கு லேட்டு, ஊர்ல மஃரிபு பாங்கு கூட லேட்டு. எல்லாம் சரியா பதினேழு நிமிஷம். நாலு சிவப்பு வாங்கிட்டேன். இன்னொண்ணு வாங்கினா வேலை போச்சு."

பிறகு எம்பார் வந்தார். "தினமும் சரியா பதினேழுன்னா அதுக்குப் பேர் லேட் இல்லை மேடம். டைம்டேபிள்."

"சிரிக்காதீங்க சாமி. வேலை விஷயம்."

"சிரிக்கலை. உங்க போஸ்ட்டுக்குக் கீழே பாருங்கோ. 11.55ன்னு நீங்க எழுதறேள். 11.38ன்னு கடை சொல்றது."

"கடையும் லேட்டு."

துளசிராமன் குறுக்கே வந்தார். "தங்கச்சி, ரயிலு லேட்டு, நம்புறேன். பஸ்ஸு லேட்டு, நம்புறேன். பாங்கு லேட்டா? மஃரிபுக்கு சூரியன் எறங்கணும். சூரியனுமா பதினேழு நிமிஷம் லேட்டு?"

ஷஹனாஸ் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

சூரியனுக்குச் சிவப்பு அடிக்க முடியாது. செல்போனை எடுத்துப் பார்த்தாள். நான்கு நாளாக அவள் கையில் வைத்திருந்ததுதான் ஊரிலேயே தப்பான கடிகாரம். அவளே கையால் தப்பாக்கியது. மெஷினை நம்பி. மெஷினை நம்பியது ஸ்டிக்கரை நம்பி. ஸ்டிக்கரை நம்பியது கீழே இருந்த கையெழுத்தை நம்பி.

"அப்ப எங்க கேட் மெஷின்தான் தப்பு," என்று மெதுவாக அடித்தாள். "ஆனா ஒம்பது மணிக்கு ஆபீஸ்காரங்க வரும்போது சரியாத்தான் கீது. அவங்க வாட்சோட ஒத்துப்போவுது. காலையில ஏழுக்கு மட்டும் முந்துது. பேயா?"

"பேயெல்லாம் நேரத்துக்கு வரும். ராத்திரி கரண்டு இன்னா? லைனா, ஜெனரேட்டரா?" என்றார் துளசிராமன்.

"வெள்ளிக்கெழமையில இருந்து நைட் ஷிப்டு முழுக்க ஜெனரேட்டர். கரண்டு கட்டு ஜாஸ்தியாயிடுச்சி. லைன்ல வர்றது பகலுக்குத்தான் காணும்."

"ஆச்சி. கண்டுபுடிச்சாச்சி. பழைய மெஷினா? உள்ள மோட்டாரு இருக்குமே, கரண்டுல நேரா ஓடுறது?"

"ஆமா."

"அதுக்கு சொந்த புத்தி கெடையாது. கரண்டு விநாடிக்கு அம்பது வாட்டி ஆடும். அத எண்ணிக்கினே ஓடும். ஜெனரேட்டரு வேகமா சுத்துனா கரண்டும் வேகமா ஆடும், மெஷினும் வேகமா ஓடும். உங்காளு எவ்ளோல வெச்சிக்கீறான்னு போய்ப் பாரு. அம்பத்திரண்டுல வெச்சிருந்தான்னா மணிக்கு ரெண்டரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா முந்தும். எட்டு மணி நேரத்துக்கு நீயே போட்டுக்க."

ஷஹனாஸ் போட்டாள். பத்தொன்பது.

"பகல்ல லைன் கரண்டு கொஞ்சம் சோம்பேறி. அதுல ஒண்ணு ரெண்டு நிமிஷம் பின்னாடி போயிருக்கும். மிச்சம் உன் பதினேழு."

"ஒரு நிமிஷம்," என்று எம்பார் நுழைந்தார். "இதைத்தானே போன மாசம் அடியேன் கத்தினேன்? சவுதியில தம்மாம்லேர்ந்து மச்சினன் ஸ்ரீராமன் கொண்டுவந்த கடிகாரம். மணிக்குப் பத்து நிமிஷம் பின்னாடி போறது, கரண்டுதான் காரணம்னு சொன்னேனா இல்லையா? துளசி கூட, அங்கே அறுபது, இங்கே அம்பதுன்னு சொன்னார். அப்போ ஒருத்தி என்ன எழுதினா தெரியுமா? 'கடிகாரத்துக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கல, கொடை வாங்கிக் கொடுங்க'ன்னு எழுதினா."

எழுதியது உண்மை. அதற்கு நாற்பது பேரில் இருபது பேர் சிரித்திருந்தார்கள்.

"சாமி, தப்பு என்னுது."

"எழுத்துல வேணும். பச்சை ஸ்டிக்கரோட."

"ஸ்டிக்கர்தான் இப்ப பிரச்சனை. மெஷின் தப்புன்னு நான் சொன்னா, சரின்னு கையெழுத்து போட்டவ யாருன்னு கேப்பாங்க."

எம்பார் இந்த முறை விளையாடவில்லை. "யாரும் பாக்கறதுக்கு முன்னாடி கிழிச்சுடுங்கோ. எந்த ஸ்டிக்கர் எங்கே இருந்ததுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கப்போறது?"

"கிழிக்காத," என்றார் துளசிராமன். "கிழிச்ச எடம் தெரியும்."

ஷஹனாஸ் டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள்.

கேட்டில் சுப்பராயன் நிழலில் உட்கார்ந்திருந்தார். பகல் காவலாளி, எட்டு மணிக்கு வருபவர். மெஷினில் மணி 11.49. செல்போனைப் பழையபடி பதினேழு நிமிடம் பின்னால் தள்ளினாள். 11.49.

"அண்ணே, இந்த மெஷினுக்கு நீங்க தெனம் நேரம் வெக்கிறீங்களா?"

"வெக்காம? எட்டரைக்கு. டிவில நியூஸ் போடும்போது பாத்து, வந்து வெப்பேன். புக்குல எழுதுவேன்." நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, எட்டரை, 'கடிகாரம் சரி'. பக்கம் பக்கமாக அதே வரி.

"வெக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ முந்தியிருந்துச்சின்னு எழுதலையே?"

"அதுக்கு கட்டமே இல்லியேமா. சரின்னு எழுதத்தான் கட்டம். அத வரைஞ்சி குடுத்ததே உங்க லேப்தான்."

வரைந்தவள் அவள்தான். அளவுகோல் வைத்து வரைந்தாள்.

"நாலு நாளா ஜாஸ்தி முந்துதா?"

"ஜாஸ்தின்னா ஜாஸ்தி. கால் மணி நேரம் இருக்கும். பொன்னேரி ரயில்ல வர்றவங்க ரெண்டு பேரு சனிக்கெழமையே சண்டைக்கு வந்தாங்க. நம்ம பரசுராமன் சார் வந்து ஸ்டிக்கர காட்டினாரு. 'இதுல கையெழுத்து போட்ட பொண்ணே சிவப்பு வாங்கிக்கினு வாய தொறக்காம போவுது, உங்களுக்கு இன்னா'ன்னாரு. அடங்கிட்டாங்க."

அவள் அட்டைகள் செருகியிருந்த பலகையைப் பார்த்தாள். அதிகம் பார்க்கவில்லை. ஜெனரேட்டர் அறைக்கு நடந்தாள்.

ஜெயராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தான். இரவில் ஜெனரேட்டர் ஓட்டுபவன். இந்த வாரம் இரட்டை ஷிப்டு. மணிக்கொரு முறை அவன் எழுதும் நோட்டைக் கேட்டாள். வெள்ளி இரவு பதினொன்றிலிருந்து ஒவ்வொரு வரியிலும் 52.

"அம்பதுல வெக்கக் கூடாதா?"

"வெக்கலாம். எல்லா மெஷினும் ஒண்ணா லோடு ஏத்துனா சுருக்குனு எறங்கிடும். அதான் ரெண்டு தூக்கி வெச்சிக்கீறேன். ஏன், எதுனா எரிஞ்சிச்சா?"

"ஒண்ணும் எரியல. எனக்கு ஒரு உதவி. கேட் லைன மட்டும் அரை மணி நேரம் ஜெனரேட்டர்ல குடுக்க முடியுமா? இப்போ."

"தனி சுவிட்சு கீது. யாரு கேட்டான்னு சொல்றது?"

"லேப் கேட்டுச்சின்னு எழுது. என் பேரப் போடு."

பரசுராமன் பணியாளர் அதிகாரி. கெட்டவர் அல்ல, விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கம் நிற்பவர். "சார், இருபத்தஞ்சு நிமிஷம் கேட்ல வந்து நிக்கணும்," என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் செருப்பை மாட்டினார்.

ஸ்டாப்வாட்சை அவர் கையிலேயே கொடுத்தாள். மெஷினில் 12.40 விழுந்த நொடியில் அவரையே அழுத்தச் சொன்னாள். ஜெனரேட்டர் சத்தம் ஆலைச் சுவரைத் தாண்டி வந்தது. சுப்பராயன் ஒரு நாற்காலி போட்டார். பரசுராமன் உட்காரவில்லை.

"என்ன ஆவும்?" என்றார்.

"நீங்களே பாருங்க சார்."

"டீ சொல்லட்டுமா?" என்றார் சுப்பராயன்.

டீ வந்தது, குடித்தார்கள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டு லாரி உள்ளே வந்தது. ஸ்டாப்வாட்ச் இருபத்தைந்தைத் தொட்டது. மெஷின் காட்டியது 1.06.

பரசுராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 1.05. ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார்.

"இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு சார். ராத்திரி எட்டு மணி நேரம் இப்படித்தான் ஓடுது. காலையில நாங்க வரும்போது பதினேழு. சுப்பராயண்ணன் எட்டரைக்கு சரி பண்ணிடுறாரு. நீங்க ஒம்பதுக்கு வர்றீங்க." ஜெனரேட்டர் நோட்டை விரித்துக் காட்டினாள். "பதினொண்ணுல இருந்து ஏழு வரைக்கும் அம்பத்திரண்டு. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி எப்பவாச்சும் ஒருத்தருக்குத்தான் சிவப்பு. சனிக்கெழமையில இருந்து ரயில்ல வர்ற எல்லாருக்கும் சிவப்பு."

பரசுராமன் நோட்டை வாங்கி நின்றபடியே படித்தார். படித்து முடித்ததும் மெஷினின் நெற்றியைப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"எப்படிச் சோதிச்சே?"

"பகல்ல. பத்து நிமிஷம். லைன் கரண்டுல. ராத்திரி வேற கரண்டுல ஓடும்னு யோசிக்கல. யோசிச்சிருக்கணும்."

அவர் சுப்பராயனை லாரிப் பக்கம் அனுப்பினார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரும்மா. மெஷின் தப்பு. ஒத்துக்கறேன். உன் நாலு சிவப்பையும் நானே அடிச்சுக் கையெழுத்து போட்டுடறேன். நாளையிலேருந்து ராத்திரி ஆளு ஆறரைக்கு ஒரு தடவை முள்ளைத் திருப்பிடட்டும். இதோட விட்டுடு. அடுத்த வாரம் ஆடிட். லேப் ஆளே தப்பா ஒட்டினாங்கன்னு எழுதினா உன் கன்ஃபர்மேஷன் ஃபைல்ல அதுதான் முதல் பக்கமா இருக்கும். கையெழுத்து போட வேண்டியவன் நான். எனக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம். ஸ்டிக்கர் இருந்துட்டுப் போகட்டும். என்ன?"

நல்ல வழிதான். சொன்னவரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நாளைக் காலை அட்டையில் கறுப்பு விழும். மாதக் கடைசியில் நிரந்தரம். பரீதா வாயடைத்துப் போவாள்.

ஷஹனாஸ் பலகைக்கு முன்னால் போனாள். இந்த முறை நிதானமாகப் பார்த்தாள். ஒவ்வொரு செருகலிலிருந்தும் அட்டையின் மேல் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றை உருவினாள். சனி, திங்கள், செவ்வாய், புதன். இன்னொன்று. சனி, திங்கள், புதன். செவ்வாய் வரவேயில்லை. இன்னொன்றில் ஐந்து இருந்தது. மாத ஆரம்பத்தில் ஒன்று, இப்போது நான்கு. ஒப்பந்த ஆள். அட்டையின் மூலையில், வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி, பரசுராமனின் சுருக்கக் கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

இவர்கள் எல்லோரும் அவள் கையெழுத்தைப் பார்த்துத்தான் வாயை மூடியவர்கள்.

சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஆய்வகக்காரர்கள் எப்போதும் வைத்திருப்பது. பாதிச் சுருள் பச்சை, பாதி சிவப்பு. நகத்தால் பச்சை ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி முழுதாக உரித்தாள். கிழியாமல் வந்தது. அதை ஜெனரேட்டர் நோட்டின் அட்டையில் ஒட்டிவைத்தாள், யாரும் தேட வேண்டாம் என்று. மெஷினின் நெற்றியில் சிவப்பை அழுத்தித் தேய்த்தாள். 'பயன்படுத்தக் கூடாது.' தேதி போட்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'சோதனை போதாது' என்று எழுதினாள். பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டாள்.

பரசுராமன் தடுக்கவில்லை. தடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"என்னம்மா பண்றே?" என்றார், கொஞ்சம் தாமதமாக.

அவள் பலகையிலிருந்து ஏழு மணி ஷிப்டின் அட்டைகளை வரிசையாக உருவி அடுக்கினாள். தன்னுடையதை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தாள். காவலாளியின் மேசை மேல் தட்டிச் சமப்படுத்தி, அவர் பக்கமாக நகர்த்தினாள். பேனாவையும் மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"மொத்தம் முப்பத்தொண்ணு சார். என்னுத கடைசியில பாத்துக்கலாம். யாருதுல ஆரம்பிக்கலாம்?"